எலும்பு முறியாத காலுக்கு மாவுக்கட்டு

கேள்வி: சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் ஆறாத புண் இருந்தால், எலும்பு முறியாதபோதும் மாவுக்கட்டு போடுகிறார்களே, ஏன்? புண் ஆறியதும் தொழுநோயாளிகள் போடும் ரப்பர் செருப்பையே வாங்கச் சொல்கிறார்கள். இந்த வைத்தியம் எங்கே தோன்றியது? (வாசகர், மணலி)

பதில்: இரண்டுமே தொழுநோய் வார்டுகளிலிருந்து வந்தவை. அந்த வேலையில் பெரும்பங்கு செங்கல்பட்டிலும் வேலூரிலும் நடந்தது.

தொழுநோயாளியின் உள்ளங்காலில் புண் வந்தால், கிருமிதான் சதையைத் தின்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1930-களில் கொழும்பில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவரும், இந்தியாவில் ஜோசப் கான் என்பவரும் அத்தகைய கால்களுக்கு மாவுக்கட்டு போட்டுப் பார்த்தார்கள். நோயாளி படுத்துக் கிடக்காமல் நடமாடிக்கொண்டிருக்கும்போதே புண் ஆறியது.

அது ஏன் ஆறுகிறது என்பதைத் தெளிவாக்கியவர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார். அவருடைய நோயாளிகள் சிலருக்கு இரவு படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் காணாமல் போயிருந்தது. இரவில் விழித்திருந்து கவனித்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. கடிபட்டவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். நோய் சதையை அழுக வைக்கவில்லை, வலியைப் பறித்துவிட்டது. வலி தெரியாததால் புண்ணின் மேலேயே மிதித்து நடக்கிறார்கள். இந்த ஒரு புரிதலால் காலை இழக்காமல் தப்பியவர்கள் எத்தனையோ பேர்.

சர்க்கரை நோய் பல ஆண்டு நீடித்தால் நரம்பு கெட்டு, காலில் இதே மரப்பு வருகிறது. மணலியின் சுத்திகரிப்பு ஆலையிலோ உரத் தொழிற்சாலையிலோ ஷிஃப்ட் முழுக்கப் பாதுகாப்பு ஷூவுடன் நிற்பவருக்கு, ஷூவுக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் மரத்த கால் அதைச் சொல்லாது. முதலில் அந்த இடம் ஆணிபோலத் தடிக்கும். தடிப்புக்கு அடியில் ரத்தம் கட்டும். பிறகு அது உடைந்து புண்ணாகும். தினமும் ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் மிதி விழும்போது, எந்தக் களிம்பு தடவினாலும் பயனில்லை.

அதனால்தான் கட்டு. முதலில் தடித்த தோலையும் செத்த சதையையும் வெட்டிச் சுத்தம் செய்வார்கள். பிறகு மெல்லிய பஞ்சு வைத்து, உள்ளங்காலின் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் படியும்படி முழங்காலுக்குக் கீழ்வரை மாவுக்கட்டு வார்ப்பார்கள். புண் இருக்கும் ஒரு புள்ளியில் இறங்கிய எடை பாதம் முழுவதற்கும் பரவும். கெண்டைக்காலைச் சுற்றிய கட்டும் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். நினைத்த நேரத்தில் கழற்ற முடியாது என்பதே இதன் பெரிய பலம். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து உரசும் என்பதால் முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்றுவார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பெரும்பாலான புண்கள் 6 முதல் 8 வாரத்தில் மூடிவிடும். ஆனால் சீழ் பிடித்த காலுக்கும் ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் இந்தக் கட்டு ஆபத்து. முதலில் அவற்றைச் சரிசெய்தாக வேண்டும்.

1960-களில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்துதான் இந்த முறை சர்க்கரை நோயாளிகளுக்குப் பரவியது.

செருப்பின் கதையும் வேலூரில் தொடங்கியதே. பல பொருள்களைச் சோதித்தபின் பிராண்டின் குழு தேர்ந்தெடுத்தது நுண்துளை ரப்பர், இன்று எம்.சி.ஆர். என்று சொல்வது. மிதித்தால் அமுங்கும், ஆனால் முற்றிலும் தட்டையாகிவிடாது. இந்தச் செருப்பில் ஆணி அடிப்பதில்லை. மரத்த காலிலிருந்து செருப்பு நழுவினாலும் தெரியாது என்பதால் குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கும்.

மணலிக்குப் பக்கத்து ராயபுரம் வட்டாரத்தில், 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கியவர் எம். விஸ்வநாதன், 1954-ல் எம்.வி. மருத்துவமனையை நிறுவியவரும் அவரே. அந்த மருத்துவமனையின் ஆய்வு ஒன்றில், இத்தகைய செருப்பு அணிந்தவர்களுக்குச் சாதாரணச் செருப்பு அணிந்தவர்களைவிட மிகக் குறைவாகவே புதிய புண் வந்தது.

ஆனாலும் “அந்த நோய்க்காரர் செருப்பு” என்று ஊர் பேசுமே என்று தயங்கி, வாங்கியதை வீட்டிலேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவில் இறங்குபவர்கள் உண்டு. இப்போது சாதாரணச் செருப்புபோலவே தோற்றமளிக்கும் வடிவங்களிலும் எம்.சி.ஆர். கிடைக்கிறது. கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்காமல் ரப்பர் தட்டையாகிவிட்டால், மேலே வார் புதிதாகவே இருந்தாலும் செருப்பை மாற்றிவிட வேண்டும்.