டெலஸ்கோப் வாங்கப் போறீங்களா? முதல் செலவு மவுண்ட்டுக்கு!



கேலக்ஸி, நெபுலாவை நாமே போட்டோ எடுக்கணும்னு ஆசையா? நல்ல ஆசைதான். ஆனா "பெரிய டெலஸ்கோப்னா நல்ல போட்டோ"ன்னு நினைச்சு பட்ஜெட் போட்டா, காசு தப்பான இடத்துல போய் மாட்டிக்கும்.

1. மவுண்ட்தான் முதல்ல

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நொடிக்கு சுமார் 15 ஆர்க் செகண்ட் நகர்வது போலத் தெரியும். 480 மி.மீ. குவியத் தூரம் உள்ள டெலஸ்கோப்பை அசையாம வெச்சு எடுத்தா, ஒரு நொடிக்கு மேல போனாலே நட்சத்திரம் கோடா விழும். நெபுலாவுக்கோ நிமிஷக் கணக்கில் பல போட்டோ எடுத்து, மொத்தமா சில மணி நேர வெளிச்சத்தைச் சேர்க்கணும். இந்த நகர்வை ஈடுகட்டுவது ஈக்வடோரியல் மவுண்ட். டெலஸ்கோப், கேமரா எல்லாம் சேர்த்து 5 கிலோ என்றால், 10 கிலோ தாங்கும் மவுண்ட்டைப் பாருங்க.

2. சின்ன டெலஸ்கோப் போதுமா?

தொடக்கத்துக்குத் தாராளமா போதும். ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் அகலம் வானத்தில் ஆறு முழு நிலவுகளை வரிசையா வெச்ச அளவு. ஏபிஎஸ்-சி கேமராவோடு 480 மி.மீ. குவியத் தூரம் உள்ள 80 மி.மீ. ரிஃப்ராக்டரில் அது கிட்டத்தட்ட முழுசா அடங்கும். 2,032 மி.மீ. குவியத் தூரம் உள்ள 8 இன்ச் டெலஸ்கோப்பில் நடுப்பகுதி மட்டும்தான் கிடைக்கும். டிராக்கிங்ல சின்னப் பிசகும் அதில் பெருசா தெரியும்.

3. பட்ஜெட்டைப் பிரிப்பது எப்படி?

கேமரா ஏற்கெனவே இருக்கு, கையில் 2 லட்சம் பட்ஜெட் என்று வைப்போம்.

- மவுண்ட்: 1 லட்சம்
- டெலஸ்கோப்: 60,000
- கைடு கேமரா, ஃபில்டர், பேட்டரி: 40,000

ஊருக்கு வெளியே இருட்டான இடத்துக்குப் போய்வரும் செலவையும் தனியா எழுதுங்க. நகர வெளிச்சத்தில் நேரோபேண்ட் ஃபில்டர் சிவப்பு நெபுலாக்களுக்குக் கைகொடுக்கும். கேலக்ஸிக்குப் பெருசா உதவாது.

4. இஎம்ஐ-யா, சேமிப்பா?

2 லட்சத்தை 15% வட்டியில், 24 மாத பர்சனல் லோனில் வாங்கினா, இஎம்ஐ சுமார் 9,700. வட்டி மட்டும் சுமார் 32,700. கிட்டத்தட்ட ஃபில்டர் செலவு மொத்தமும் வட்டியில போயிடும்! அதே 9,700-ஐ மாசாமாசம் ஆர்டியில் போட்டா, 21-வது மாதத்தில் கையில் 2 லட்சம். கடனே இல்லை. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாமல் இந்தத் தொகையை ஒதுக்க முடியலைன்னா, இஎம்ஐ-யும் கட்ட முடியாது. அதுதான் நிஜமான டெஸ்ட்.

5. காத்திருக்கும் காலத்தில்?

இருக்கிற கேமரா, லென்ஸோடு ஒரு ஸ்டார் டிராக்கரை இரவல் வாங்கிப் பழகுங்க. ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் ஓரியன் நெபுலா நல்லா கிடைக்கும். நாலைந்து ராத்திரி கொசுக்கடியிலும் பனியிலும் உட்கார்ந்த பிறகும் ஆர்வம் குறையலையா? அப்போ தாராளமா வாங்குங்க.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் அந்த ஆர்டியை ஆரம்பிச்சிடுங்க நண்பர்களே!