பெரிய வண்டியோடு புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கூடாரமும் நாலு கதிரையும் ஏற்றிப்போன சின்ன ட்ரெயிலரை விற்றுவிட்டு, கட்டிலும் குசினியும் குளியலறையும் உள்ள பெரிய வண்டி ஒன்றை டபுள் கெப்பில் கொளுவி இழுக்க வாங்கிவிட்டாய் என்று அறிந்தேன். சந்தோசம். குடும்பங்களைக் கூட்டிப்போய் வெளியில் தங்கவைக்கும் தொழிலைச் சிலாபத்தில் இருந்தபடி செய்ய உன் வயதில் ஒருவர் முன்வருவது சின்ன விசயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

முதல் பயணமே கல்பிட்டிக்கு என்று சொன்னாயாம். வேண்டாம். பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் ஒரு புறம் களப்பு, மறு புறம் கடல். மே தொடக்கம் ஒக்டோபர் வரை அந்த ஒடுங்கிய நிலத்தில் சோளகம் குறுக்காக அடிக்கும். பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் அந்த மாதங்களில் அங்கே வந்து குவிகிறார்கள். மாம்புரிப் பக்கம் காற்றாலைகளை நட்டவர்களும் இடத்தைச் சும்மா தெரிவுசெய்யவில்லை. சின்ன ட்ரெயிலர் உன் டபுள் கெப்பின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தது. புதியது ஒளியாது. அதன் பக்கச் சுவர் முழுவதும் காற்றுக்கு முகம் கொடுக்கும்.

முதல் பயணத்துக்கு மாதம்பைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோட்டம் போதும். ஓர் இரவு. வாடிக்கையாளர் வேண்டாம், வீட்டாட்களை மட்டும் கூட்டிப்போ. தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, எந்த அலுமாரிக் கதவு ஓட்டத்தில் தானாகத் திறக்கிறது, பற்றரி எத்தனை மணிநேரம் தாங்குகிறது என்பதெல்லாம் அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும். ஏதாவது பிழைத்தால் அரைமணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். காசு கொடுத்து வந்த குடும்பம் உள்ளே படுத்திருக்கும்போது இவற்றைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

புறப்பட முன் டயரைப் பார். பட்டன் தேயவில்லை என்று கடைக்காரர் காட்டுவார். நீ பக்கச் சுவரில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தைத் தேடு. 2317 என்றிருந்தால் அந்த டயர் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கைமாறிய வண்டிகள் பல, ஓடாமல் ஒரே இடத்தில் நின்றவை. ஓடாமல் நின்ற டயர் வெயிலில் உள்ளுக்குள் வெடிக்கத் தொடங்கியிருக்கும். ஆறு வயது தாண்டியதென்றால் கழற்றிப் போடு. வண்டி வலப்பக்கம் ஓட்டும் ஐரோப்பிய நாடொன்றிலிருந்து வந்ததென்றால் கதவு வலப்பக்கம் இருக்கும். நம் வீதியில் அது ஓடும் வாகனங்களுக்குள் திறக்கும். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் உள்ளே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டை நேரே கொடுத்தால் குளிர்சாதனப் பெட்டி முதல் எல்லாம் எரிந்துபோகும்.

இனி எடை. இதில் நீ என்ன செலவு செய்தாலும் தகும். சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றியபின் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார். மொத்த எடையில் ஒரு பங்கு கொக்கியை அழுத்த வேண்டும். அமெரிக்க வண்டிகளுக்கு அது 10 முதல் 15 வீதம். வண்டி 2,000 கிலோ என்றால் கொக்கியில் 200 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஐரோப்பிய வண்டிகளுக்கு இதைவிடக் குறைவு; கொக்கியிலேயே எல்லையைப் பொறித்திருப்பார்கள். அந்த அழுத்தம் குறைந்தால் வண்டி வாலாட்டத் தொடங்கும். சைக்கிள்களையும் அரிசி மூட்டையையும் பின்புறத்தில் கட்டுவதுதான் இதற்கு வழமையான காரணம். தண்ணீரும் சாமான்தான்: 150 லீற்றர் தாங்கி நிரம்பினால் 150 கிலோ. தாங்கி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்.

கொழும்பு–புத்தளம் வீதியில் தனியார் பஸ் ஒன்று உன்னை முந்தும்போது முதலில் காற்று உன் வண்டியின் பின்புறத்தைத் தள்ளும், பிறகு பஸ்ஸின் பக்கமாக இழுக்கும். அப்போது வண்டி ஆடினால் வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேளாதே. டபுள் கெப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. அக்சிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேரே பிடி, அது தானாக அடங்கட்டும். ட்ரெயிலருக்குத் தனி மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் மெதுவாகப் போடு. சிலாபத்திலிருந்து புத்தளம் 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அந்தப் பக்கம் போகும் நாளில் புத்தளத்தில் நிறுத்தி, சக்கர நட்டுக்களைத் திரும்ப இறுக்கு. முதல் ஓட்டத்தில் அவை தளரும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கிட்டவும் கையைக் கொண்டுபோ. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதன் பெயாரிங் போகப்போகிறது.

சின்ன ட்ரெயிலரில் தவறான ஒழுங்கைக்குள் நுழைந்தால் கழற்றிக் கையால் திருப்பிவிடுவாய். இனி அது நடக்காது. கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை எதுவானாலும் முதலில் நடந்து போய் அதன் மறுமுனையைப் பார்த்துவிட்டு வா. டச்சுக் கால்வாயின் மேல் போகும் சின்னப் பாலங்கள், வளைந்து நிற்கும் தென்னை, வீட்டுக்கு வீடு தொங்கும் மின்கம்பி எல்லாவற்றையும் நடக்கும்போது பார்க்கலாம். உள்ளே போனபின் பார்த்துப் பயனில்லை. ரயில் கடவையிலும் இதே கணக்குத்தான். புத்தளப் பாதையில் கதவில்லாத கடவைகளில் முன்பெல்லாம் உன் வாகனம் தாண்டினால் போதும். இப்போது அதற்குப் பின்னால் இன்னொரு வாகன நீளம் தண்டவாளத்தின் மேல் இருக்கும். அந்தப் பக்கம் முழு நீளத்துக்கும் இடம் காலியாக இருந்தால் மட்டுமே ஏறு.

பின்னால் எடுப்பதில் உனக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. நீள வண்டி சின்னதைவிடச் சொல்வழி கேட்கும். சின்னது சட்டென்று மடங்கிவிடும். பெரியது தாமதமாகத் திரும்பும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, ட்ரெயிலரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. கொஞ்சம் திருப்பிவிட்டுக் காத்திரு. அது திரும்புவது கண்ணில் படும்போதே நிமிர்த்தத் தொடங்கியிருக்க வேண்டும். பெரிய வண்டியோடு நீ பழக வேண்டிய முதல் பழக்கம் இதுதான். திரும்புவதோ நிறுத்துவதோ முகாம் போடுவதோ, முன்பு அந்த இடத்துக்குப் போய் எடுத்த முடிவை இனி அதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

தனியே போகாதே. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை வைத்தியர், பொழுதுபோக்குக்கென்றே ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து 1885இல் குதிரைகள் பூட்டி இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்துக்குப் போனார். உலகில் இத்தகைய வண்டிகளுக்கு அதையே முன்னோடி என்கிறார்கள். அந்த மனிதர் தன் வேலையாளை மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னால் அனுப்பி, வீதியைப் பார்த்துவரவும் எதிரே வருபவர்களுக்கு அறிவிக்கவும் வைத்தார். நம் லொறிகளில் கிளீனர் செய்வதும் அதே வேலைதான். நீயும் ஒரு பையனை வேலைக்கு எடு. நல்ல சம்பளம் கொடு. அவன் உன் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் மட்டுமே நிற்க வேண்டும், அவன் மறைந்தால் நீ நிற்பாய் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தில் மணல்தான் உனக்குப் பெரிய பாடம். இறங்கி, குதிக்காலால் அழுத்திப் பார். ஜாக்கின் அடியில் அகலமான பலகை போடாவிட்டால் இரவில் ஒரு மூலை இறங்கும். முதலில் டபுள் கெப்பைக் கழற்றாமலே இடம் வலம் சமப்படுத்து, பிறகு சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வை, அதன் பிறகே கழற்றி முன் பின் சமப்படுத்து. இந்த வரிசையை மாற்றினால் வண்டி உருளும். மூலைகளில் உள்ள கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான். அவற்றால் வண்டியைத் தூக்காதே. தென்னைக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். தோட்டக்காரர்கள் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கொரு தடவை தேங்காய் பறிப்பார்கள். பறித்து முடித்த மரமென்றாலும் காய்ந்த ஓலை விழுந்து கூரையைக் கிழிக்கும். வாடிக்கையாளர்கள் நிழலைப் பார்த்து ஆசைப்படுவார்கள். நீ வெட்டையில் நிறுத்தி, நிழலுக்குப் படங்கு கட்டு.

கேஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021 கடைசியில் நாடெங்கும் குசினிகளில் நடந்த வெடிப்புகள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஓடும்போது சிலிண்டரைப் பூட்டு, நிறுத்தியபின் குழாய் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பார், படுக்கும்போது திரும்பப் பூட்டு.

மழைக்காலத்தில் தெதுறு ஓயாவின் தாழ்ந்த கரைகளில் தங்காதே. சிலாபத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே குருநாகல் பக்கம் பெய்த மழையால் மேலே நீர்த்தேக்கத்தின் வான்கதவைத் திறப்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் சிலாபத்துக்கு என்ன செய்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் ஓடலாம். பெரிய வண்டியைக் கொளுவி வெளியே எடுக்க, பழகிய கைக்கே அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆகையால் வெள்ள எச்சரிக்கை வருமுன் கிளம்பு. அது வந்தபின் பலகையைப் பொறுக்கிக்கொண்டு நிற்காதே.

கடைசியாக, மனதில் கிடந்து என்னை உறுத்தும் விசயம். அந்த வண்டியில் மலகூடம் இருக்கிறது. மேல்நாடுகளில் முகாமிடங்களில் அதைக் கொட்டக் குழி கட்டி வைத்திருப்பார்கள். இங்கே யாரும் உனக்காகக் கட்டி வைக்கவில்லை. இருட்டியபின் களப்பில் ஊற்றினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்ல ஆள் வருவான். அந்தக் கண்டல் மரங்களுக்கு அடியில் இறால் குஞ்சு வளர்கிறது. அதை நம்பி வலை வீசும் வீடுகள் உனக்குத் தெரிந்தவை. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து நம் கரையோர இறால் பண்ணைகள் அழிந்ததைப் பார்த்த ஊர் இது. நீ இங்கே இந்தத் தொழிலில் முன்னால் போகிறவன். பின்னால் வருபவர்கள் உன்னைப் பார்த்துத்தான் செய்வார்கள். ஒரு வாளி கூட ஊற்றாதே. தங்கும் தோட்டத்தில் ஒழுங்கான மலக்குழி இருக்கிறதா என்று பயணம் பதியும்போதே கேள். இல்லையென்றால் கலி பவுசருக்கு முன்கூட்டியே காசு கட்டி, அந்தச் செலவை வாடிக்கையாளரின் கணக்கில் வெளிப்படையாக எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்