நரம்பில் படவில்லை, கையைத் தூக்குங்கள்

"நரம்புல ஊசி பட்டுடுச்சு மேடம்." தடுப்பூசி போட்ட கை வாரக்கணக்கில் வலிக்கிறது என்று என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக் கடைக்காரர், ஓர்ப்படி. கொரோனா தடுப்பூசிக் காலத்தில் ஊரெல்லாம் பரவிய பேச்சு, இன்று ஃப்ளூ ஊசிக்கும் டிடி ஊசிக்கும் அப்படியே தொடர்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டால்கூடப் பரவாயில்லை. "அதான் கையை அசைக்காமலே வெச்சிருக்கேன்" என்று அடுத்து ஒன்று சொல்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

நரம்பில் ஊசி பட்டால் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குத்திய நொடியிலேயே கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று கை நெடுக இறங்கும். பிறகு எங்கேயாவது மரத்துப்போகும், பலம் குறையும். தோளைச் சுற்றி வரும் ஆக்சிலரி நரம்பு, தோள்முனை எலும்பிலிருந்து சுமார் 5 முதல் 7 செ.மீ. கீழே ஓடுகிறது. அதற்குக் காயம் என்றால் மேல்கையின் வெளிப்பக்கத் தோலில் ஓரிடம் தொட்டால் உணர்வு மங்கலாக இருக்கும். இன்னும் கீழே, மேல்கை எலும்பின் பின்புறமாகச் சுற்றிவரும் ரேடியல் நரம்புக்குக் காயம் என்றால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கும். இப்படியெல்லாம் நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். மிக மிக அரிது. அப்படி மரத்துப்போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

என்னிடம் வருகிறவர்களிடம் இதில் எதுவும் இருப்பதில்லை. தோல் உணர்வு சரியாக இருக்கிறது, விரல்கள் சரியாக இருக்கின்றன. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வலி தொடங்கியிருக்கிறது. கையைத் தொங்கவிட்டால் வலி இல்லை. கொடியில் துணி போடத் தூக்கினால் உயிர் போகிறது, பின்னால் கை கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இது தோள்மூட்டுப் பக்கத்துக் கோளாறு.

நடப்பது இதுதான். ஊசி இறங்கவேண்டிய இடம் டெல்டாய்டு தசையின் நடுப்பகுதி. தோள்முனை எலும்பைத் தொட்டுப் பார்த்து, அதற்குக் கீழே இரண்டு மூன்று விரல் அகலம் விட்டுக் குத்தவேண்டும். அந்தத் தசைக்கு அடியில், எலும்பும் தசையும் உரசாமல் இருக்க பர்சா என்று மெல்லிய பை ஒன்று இருக்கிறது. ஊசியை மேலே தூக்கிக் குத்தினால் மருந்து தசைக்குப் பதிலாக அந்தப் பைக்குள் இறங்கிவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவதுதான் தடுப்பூசியின் வேலை. தசையில் அந்த அழற்சி இரண்டு மூன்று நாளில் அடங்கும். பைக்குள் போனால் அங்கேயே வீங்கி, வாரங்கள், சிலருக்கு மாதங்கள் நிற்கும்.

இது நானாகக் கட்டிய கதை அல்ல. 2010-இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 13 பேரின் பதிவுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் வலி ஒரு நாளுக்குள் தொடங்கியிருந்தது. பரிசோதனையில் பெரிதாகத் தெரிந்தவை தோள் வலியும், கை முழுதாக உயராததும். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் விஷயத்தில், ஊசியை ரொம்ப மேலே போட்டார்கள் என்ற குறை இருந்தது. 2017-இல் இந்தத் தோள் பாதிப்பை அந்த நாட்டு அரசு தன் தடுப்பூசி இழப்பீட்டுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. மருந்தில் குற்றம் இல்லை, குத்திய இடத்தில்தான் குற்றம்.

ஆகவே "ஊசி போட்டா வலிக்கத்தான் செய்யும், போங்க" என்று ஒரு மாத வலியோடு வந்தவரைத் திருப்பி அனுப்பும் மருத்துவப் பணியாளர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நீங்கள் தோளைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்புவதால்தான் அவர்கள் சுளுக்கு வழிக்கிறவரைத் தேடிப் போகிறார்கள்.

அப்படிப் போய்விட்டு வந்த ஓர் அம்மா, தையல் வேலை செய்கிறவர், சர்க்கரை நோயாளி. வீங்கிய பையின் மேல் எண்ணெய் விட்டு அழுத்தி நீவியிருக்கிறார்கள். வலி கூடியதும் துண்டில் தொட்டில் கட்டிக் கையை மாட்டிக்கொண்டார். என்னிடம் வந்தபோது ரவிக்கை போட முடியாமல் நைட்டியோடு, மேலே சால்வை போர்த்தியிருந்தார். கை தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. மூட்டு உறை, மடிப்பு மாற்றாமல் பீரோவிலேயே கிடந்த பட்டுப்புடவை மாதிரி விறைத்துவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஃப்ரோசன் ஷோல்டர் மற்றவர்களைவிட எளிதில் வரும். கையைக் கட்டிப்போடுவது அதற்கு வாசலைத் திறந்துவைக்கிற வேலை. தொடக்கத்திலேயே வந்திருந்தால் அவருக்குச் சில வாரங்களில் முடிந்திருக்கும்.

சாதாரண ஊசி வலிக்குச் செய்யவேண்டியது: அன்றைக்கே கையை அசையுங்கள். வீக்கம் இருந்தால் குளிர்ந்த ஒத்தடம், தேவைப்பட்டால் பாராசிட்டமால். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்டுங்கள். சுவரில் விரல்களால் மேலே ஏறுங்கள். ஒரு வாரம் ஆகியும் கை உயரவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அல்ட்ராசவுண்டில் அந்தப் பையின் வீக்கம் தெரியும், மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. ஊசி போட்ட இடம் சிவந்து பரவினாலோ சீழ் பிடித்தாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மற்றக் கதைகளுக்கு அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். வலித்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது தவறு. கோவிஷீல்டு சோதனைகளில் பத்தில் ஆறு பேருக்கு ஊசி போட்ட இடம் தொட்டால் வலித்தது, வலிக்காதவர்களும் பாதுகாப்பு பெற்றார்கள். காந்தம் ஒட்டுகிறது என்ற வீடியோக்களைப் பற்றிப் பேசுவதே வீண். கைவலி நெஞ்சுக்கு இறங்கி மாரடைப்பு வரும் என்பதும் பொய். ஆனால் இடது கை வலியோடு வியர்வை, நெஞ்சு இறுக்கம் என்றால் ஊசி வலி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் 108-ஐ அழையுங்கள். ஆணி கீறினாலும் பிளேடு கிழித்தாலும் ஒவ்வொரு தடவையும் டிடி போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அடிக்கடி போட்டால் தோளிலிருந்து முழங்கைவரை கை வீங்கலாம். முந்தைய ஊசி எப்போது என்று கேட்டு, தேவையென்றால் மட்டும் போடச் சொல்லுங்கள்.

நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கேயும் சொல்கிறேன். அந்தத் தையல்கார அம்மாவிடம் எந்த இடத்தில் குத்தினார்கள் என்று கேட்டேன். தோளின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். ரவிக்கைக் கை இறுக்கம், மேலே ஏறவில்லை. சுற்றி ஆண்கள் வரிசையில் நின்றார்கள். கழுத்துப் பக்கமாக ரவிக்கையைக் கொஞ்சம் இழுத்துக் காட்டியிருக்கிறார். அப்படி இழுத்தால் தெரிவது தோளின் மேல்முனை மட்டும்தான், நர்ஸுக்குக் கிடைத்த இடமும் அதுதான். நர்ஸ் வேறு நின்றுகொண்டே மேலிருந்து குத்தினார். உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கு நேராக நர்ஸும் உட்கார்ந்து போடவேண்டும். முகாம் நடத்துகிறவர்களே, பந்தல் போடுகிறீர்கள், பேனர் கட்டுகிறீர்கள். ஒரு திரையும், நர்ஸுக்கு ஒரு நாற்காலியும் போடுங்கள். ஊசிக்குப் போகிறவர்கள் தளர்ந்த கை உள்ள உடுப்பு போட்டுப் போங்கள், கழுத்துப் பக்கம் இழுத்துக் காட்டாதீர்கள்.

வலி நீடித்தால் ஊசி போட்ட நிலையத்தில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். மறுத்தால், மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் மத்திய அரசின் இலவச எண் 1800 180 3024.