அடுப்பு: நெருப்போ, கல்லோ?

பெரியாழ்வார் திருமொழி இரண்டாம் பத்தின் ஒன்பதாம் திருமொழியில் ஆய்ச்சியர் கண்ணனின் தீம்புகளை யசோதைப் பிராட்டியிடம் முறையிடுகின்றனர். ஐந்தாம் பாசுரத்தில் ஒருத்தி, கறந்த பாலை அடுப்பின்மேல் வைத்து, மகளை அங்கிருக்கச் செய்து, மேலை வீட்டிற்கு நெருப்பு வேண்டிச் செல்கிறாள். அங்கே சற்றுப் பேசி நின்றுவிட்டாள். அதற்குள் கண்ணன் பாலைப் பருகிவிட்டான்.

இதை அநுஸந்திக்கும் நம்மிற் பலர் காய்ந்துகொண்டிருந்த பாலையே நினைக்கிறோம். ‘அடுப்பை அணை’ என்று சொல்லிப் பழகிய நமக்கு அடுப்பென்றால் நெருப்பே. ஆனால் இங்கு நெருப்பு இன்னும் வரவில்லை. அதற்காகத்தானே அவள் போனாள்! ஆகவே இவ்விடத்தில் அடுப்பு என்றது பானையைத் தாங்கும் இடத்தையே என்க.

சமைத்தலைக் குறிக்கும் ‘அடு’ என்னும் வினையினின்று பிறந்தது இச்சொல். அட்டில், அடிசில் என்பனவும் அதன் வழியினவே. கன்னடத்தில் சமையலை ‘அடுகெ’ என்பர். கற்கள் அடுத்தடுத்து இருப்பதால் அடுப்பு என்று பொருள் கூறுவது கேட்க இனிமையாயினும் ஏற்பதற்கில்லை.

ஆயினும் கல்லை மறக்கவும் வேண்டா. அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட பூமியும் ஆழ்வார் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரும் இன்று ஒரே விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. பருத்திமாரை எரித்துச் சமைத்த கரிசல் நாடு அது. வெளியில் பொங்கலிடுவோர் மூன்று கற்களை வைப்பது ‘அடுப்புக் கூட்டுதல்’. பிறகு பற்றவைப்பது ‘தீ மூட்டுதல்’. கூட்டுவது கல்லை, மூட்டுவது தீயை. பேச்சு வழக்கே இவ்விரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது. (தீப்பெட்டிக்குப் பேர்போன சிவகாசியும் இம்மாவட்டமே. தீக்குச்சி பரவுமுன் அணைந்த அடுப்புக்கு அண்டை வீடே கதி.)

இவ்வாறு கொண்டால் அவன் பாலைச் சாய்த்துப் பருகினதாக ஆழ்வார் அருளியதன் சுவை விளங்கும். அடியில் தீயில்லை, குழந்தை அஞ்சாமல் நெருங்கலாம். உருண்ட அடிப்பானை கற்களின் நடுவே அமர்ந்திருக்க, அதைத் தூக்க வேண்டா, சாய்த்தாலே போதும் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. கறந்த சூடு மாறாத பச்சைப்பாலை, காய்ச்சும்வரை பொறுக்காமல், கற்களின் மேலேயே அமுது செய்தான். அவனை அவள் சாளக்கிராமத்தை உடையவனாகவே சொல்கிறாள்; கண்டகி நதியில் கல்லையே திருமேனியாகக் கொண்டவனன்றோ!

காவலிருந்த மகள் என்ன செய்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. நெருப்புடன் திரும்பியவளுக்குக் காய்ச்சப் பால் இல்லை.