கருப்பனை எங்கே கொண்டுபோவது?

சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் நாய் செத்தால் யாரும் யாரையும் கேட்டதில்லை. அப்பா மண்வெட்டியை எடுப்பார். லயத்துக்குப் பின்னால், வாழை ஓரமாக, இடுப்பளவு குழி. விடியாத இருட்டில் பால்மரம் வெட்டப் போன அம்மாவுக்கு முன்னால் ஓடி, பாம்பைக் கண்டு குரைத்த நாய்கள் அவை. அம்மா ஒரு பிடி மஞ்சளும் பூவும் போட்டு மண் தள்ளுவார். இன்று அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை, செம்பனை நிற்கிறது. ஈப்போவில் எங்கள் தாமான் வீட்டு வாசல் முழுக்க சிமெண்டு. ஒரு பூனையைப் புதைக்கக்கூட மண் கிடையாது.

எங்கள் நாய் ராணி போனபோது நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அழுதுகொண்டே ஒரு எண்ணுக்கு அடித்தேன், எத்தனை வெள்ளி என்று மட்டும் கேட்டேன். வேன் வந்தது, தூக்கிப் போனார்கள். சாம்பல் கேட்டபோதுதான் தெரிந்தது, மற்ற பிராணிகளோடு சேர்த்து எரித்திருந்தார்கள். கூட்டுத் தகனம் வேறு, தனித் தகனம் வேறு. கூட்டுத் தகனத்தில் சாம்பல் திரும்பி வராது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் ராணியின் ஒரு சிட்டிகைச் சாம்பல்கூட எங்களிடம் இல்லாமல் போயிற்று. இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் எங்கள் நாய் கருப்பனுக்குப் பதினாலு வயதில் சிறுநீரகம் கெட்டுப்போச்சு என்று டாக்டர் சொன்ன வாரமே, அவன் இன்னும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே, விசாரித்துவிட்டேன். உயிரோடு இருக்கும்போது இதெல்லாம் பேசலாமா என்று வாய் கூசும். பேசிவிடுங்கள். தனியாகத்தான் எரிப்பீர்களா? உள்ளே வைக்கும்போது நாங்கள் நிற்கலாமா? ராத்திரியில், ஞாயிற்றுக்கிழமையில் வருவீர்களா? எடுத்துப்போகும் செலவும் சாம்பல் பானையும் கணக்கில் சேர்த்தியா? எலும்பைப் பொடித்துத் தருவீர்களா? பெரும்பாலும் எடைக்குத்தான் விலை. கருப்பனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினேன், பிறகு நான் மட்டும் ஏறினேன். கழித்தால் 17 கிலோ. நல்லா இருந்த காலத்தில் 22.

மாமா மட்டும், “செம்பனைக்குள்ள புதைச்சிட்டு வந்துடலாம்மா, நாய்க்கு எதுக்கு இவ்வளவு?” என்றார். அது அடுத்தவர் நிலம். காட்டுப்பன்றியும் உடும்பும் தோண்டிவிடும். ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்த உடல் என்றால் மருந்து உள்ளேயே தங்கி, தின்கிற பிராணியையும் கொல்லும். நாய்க்கு எதுக்கு என்பதற்கும் என்னிடம் பதில் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பேரோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுமார் 1,400 வருடம் ஆகிறது.

கருப்பன் போனது நடுராத்திரி. சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிடும். அதற்குள் தூங்குகிற மாதிரி காலை மடக்கி வையுங்கள், இல்லையென்றால் பெட்டியில் அடங்காது. அடியில் பிளாஸ்டிக், அதன்மேல் பழைய துண்டு. மூத்திரம் கசியும், பயப்பட வேண்டாம். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு, துணியில் சுற்றி வயிற்றோரம் வைத்து ஏர்கோனைத் திறந்துவிட்டேன். முதலில் கெடுவது வயிறுதான். நம் ஊர் வெயிலில் மறுநாளைத் தாண்ட விடாதீர்கள். சில கிளினிக்குகளில் உறைபெட்டியில் வைத்துக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள். எங்கள் இன்னொரு நாய் சின்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

ஒரு எச்சரிக்கை. கண்டதையும் கடித்து, எச்சில் வடிந்து, தடுமாறிச் செத்த நாயாக இருந்தால் தொடாதீர்கள். கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறக்கக் கூடாது.

தகனம் செய்யும் இடத்தில் கழுத்துப் பட்டையையும் ரப்பர் பந்தையும் உள்ளே வைக்க விடமாட்டார்கள். பருத்தித் துணி, பூ போதும். அப்பாவின் பழைய வேட்டியில் அம்மா சுற்றினார். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டை வெளியே இழுத்தபோது எலும்பெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. நடுவில் ஒரு கடைவாய்ப் பல், முழுசாக. அதைப் பொடிக்காமல் வாங்கிக்கொண்டேன். மிச்சம் ஒரு கிலோகூட இல்லை. பானை மடியில் இளஞ்சூடாக இருந்தது.

சாம்பலைச் செம்பருத்திக்குப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் உப்பும் காரமும் அதிகம், அப்படியே கொட்டினால் வேர் கருகிவிடும். நிறைய மண்ணோடு கலக்க வேண்டும். அம்மாவுக்கு வேறு யோசனை. “தோட்டத்துக்கே போவோம்மா. நம்ம நாயெல்லாம் அங்கதான கெடக்குதுங்க.”

காவலாளியிடம் அனுமதி கேட்டு உள்ளே போனோம். லயத்துப் படிக்கட்டு மட்டும் மூன்று படி, பாசி பிடித்து மிச்சம் இருந்தது. அம்மா அதன் பின்னால் போய் நின்று, மண்ணைக் கையால் கிளறி, சாம்பலைக் கலந்தார். பிறகு, விடியலில் மரம் வெட்டக் கிளம்பும்போது கூப்பிடுவாரே, அதே குரலில் ஒவ்வொரு நாயாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கருப்பன் பேர் கடைசியாக வந்தது.