கொளவாய் ஏரி மழை எங்கே பிறக்கிறது?

கேள்வி: பக்கத்தில் செங்கல்பட்டு கொளவாய் ஏரி இருப்பதால்தான் எங்கள் பகுதியில் கோடையிலும் சாயங்காலம் இடியோடு மழை வருகிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், சிங்கப்பெருமாள் கோயில்

பதில்: ஏரிக்கு அந்தப் பெருமையைத் தர முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்திரி வெயிலில் ஏரித் தண்ணீர் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 60 லட்சம் லிட்டர். ஓர் இடிமழை 100 சதுர கிலோமீட்டரில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் அது 500 கோடி லிட்டர். கொளவாய் வற்றாத ஏரி என்று பேர் வாங்கியதுதான், ஆனாலும் அதன் ஆவி இந்த மழைக்கு வட்டிக்குக்கூடக் காணாது. போதாததற்கு, பகலில் சுற்றுப்பட்ட தரை கொதிக்கும்போது ஏரியின் மேல்பரப்பு குளிர்ந்தே இருக்கிறது. சூடான காற்று மேலெழுந்தால்தான் மேகம். அந்த வேலைக்கு ஏரி உதவுவதில்லை.

மழைக்கான ஈரம் மாமல்லபுரம் பக்கத்துக் கடலிலிருந்து வருகிறது. கோடையில் காலை நேரத்தில் நம் பக்கம் வீசுவது பெரும்பாலும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. ராணிப்பேட்டை, ஆற்காடு, காஞ்சிபுரம் என்று காய்ந்த தரைமேல் வரும் வறண்ட காற்று அது. தரை சூடேறியதும் உச்சிப்பொழுதை ஒட்டிக் கரையில் கடல்காற்று நுழையத் தொடங்கும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு 30 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் மேல்காற்று எதிர்த்து நிற்பதால், கடல்காற்று வந்து சேர மாலை மூன்று, நான்கு மணிகூட ஆகிவிடும். ஈரமும் வெப்பமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மேலேதான் போயாக வேண்டும். அப்படிப் போன காற்று குளிர்ந்து மேகமாகி, 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரமாக நின்றுவிடும். வானொலியில் ‘வெப்பச்சலனம் காரணமாக’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவது இத்தனையையும்தான்.

சில நாள் மேல்காற்றின் கை ஓங்கி, கடல்காற்று கரையோடு நின்றுவிடும். அன்றைக்கு மழையும் கிடையாது, மாலைக் குளிர்ச்சியும் கிடையாது. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அந்த மாதிரி நாள்களில் கடற்கரை ஊர் என்ற சலுகையே இருப்பதில்லை.

கேள்வி: அது ஏன் சரியாக ஆபீஸ் விட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வருகிறது?
– வாசகி, மறைமலை நகர்

பதில்: நரசிம்மர் தூணைப் பிளந்துகொண்டு வந்ததும் அந்தி நேரம்தான், சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா?

பல மேகங்கள் பிறப்பது இங்கே அல்ல. ஜவ்வாது மலை, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மதியம் இரண்டு மூன்று மணிக்குத் திரண்டு, கிழக்கே நகர்கின்றன. மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகம் என்றால் காஞ்சிபுரம் தாண்டி நம்மிடம் வர மாலை ஆறு, ஏழு மணி. ஒரு தனி மேகத்தின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் செத்துப்போகும் மேகம் கீழே தள்ளுகிற குளிர்காற்று தரையோடு ஓடி, முன்னால் நிற்கும் சூட்டுக்காற்றைத் தூக்கிவிட்டு அடுத்த மேகத்தைக் கிளப்பும். நம்மிடம் வருவது பெரும்பாலும் வேலூரில் கிளம்பிய மேகத்தின் பேரனோ கொள்ளுப்பேரனோதான்.

பரனூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ரயில் ஏரியை ஒட்டிப் போகும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் கடல்காற்று நின்று ஒரே இறுக்கம். இலை அசையாது. மேற்கே மேகத்தின் தலை தட்டையாக விரிந்திருக்கும். திடீரென்று மேற்கிலிருந்து சில்லென்ற காற்று புழுதியோடு வரும். அதுவரை கண்ணாடியாகக் கிடந்த தண்ணீரில் ஒரு ஓரத்திலிருந்து சுருக்கம் விழுந்துகொண்டே வரும். பிறகு பெரிய பெரிய துளிகள். 5 கிலோமீட்டருக்கு மேலே பனிக்கட்டியாக இருந்தவை கீழே வரும் வழியில் உருகியதால்தான் அந்தப் பருமன். உருக நேரமில்லாமல் விழுந்தால் ஆலங்கட்டி.

கேள்வி: ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சுதானே?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: எல்லாரும் கேலி செய்கிற வாக்கியம்; ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் ‘ஓரிரு இடங்கள்’. 50 சதவீதம் வரை ‘சில இடங்கள்’, 75 வரை ‘பல இடங்கள்’, அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. வெப்பச்சலன மழை சிங்கப்பெருமாள் கோயிலில் கொட்டிவிட்டு மறைமலை நகரில் தரையை நனைக்காமல் போகும் ரகம். எந்தத் தெரு என்று காலையில் சொல்ல யாராலும் முடியாது. மேகம் திரண்ட பிறகு முடியும். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடார் அதைப் பார்க்கிறது. அதனால்தான் ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று மாவட்டப் பெயரோடு அறிவிப்பு வருகிறது. என் யோசனை: கோடையில் காலை அறிக்கையைப் படித்துக் குடை எடுப்பதைவிட, மாலை நான்கு மணிக்கு ரேடார் படத்தைப் பார்ப்பது பலன் தரும்.

எப்போது எதிர்பார்க்கலாம் என்றால், மார்ச் முதல் மே வரை கொசுறு மழைதான். ஜூனுக்குப் பிறகுதான் மாலை இடிமழை சூடு பிடிக்கும். தென்மேற்குப் பருவமழை நமக்கில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் சென்னையின் ஆண்டுச் சராசரி சுமார் 140 செ.மீ. மழையில் 40 செ.மீ.க்கு மேல் ஜூன்–செப்டம்பரில்தான் விழுகிறது. செங்கல்பட்டுக்கும் ஏறக்குறைய இதே கதை.

கேள்வி: இந்த மழைக் கணக்கெல்லாம் முதலில் எழுத ஆரம்பித்தது யார்?
– மாணவர், திருக்கழுக்குன்றம்

பதில்: நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுப்பியது. கப்பல்களுக்கு வேண்டிய திசைக்கணக்குதான் நோக்கம். வானிலையும் அங்கே 1796 முதல் கூடவே பதிவாயிற்று. இந்திய வானிலைத் துறை பிறந்தது 1875இல்தான். அதைவிட இது ஏறக்குறைய 80 வருடம் மூத்தது.

படமாகக் கேட்டால் இன்னும் ஆயிரம் வருடத்துக்கு மேல் பின்னால் போகலாம். மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில், இந்திரன் ஏவிய மழையிலிருந்து ஊரைக் காக்கக் கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிறான். பல்லவச் சிற்பி மழையில் ஒரு துளிகூடச் செதுக்கவில்லை. மலைக்கடியில் ஒருவர் நிம்மதியாகப் பால் கறக்கிறார், பசு கன்றை நக்குகிறது. புயல் எச்சரிக்கை விளம்பரம் எழுதுகிறவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி: எங்கள் மலைக்கோயிலில் இந்திரன் இடியாக இறங்கி வழிபடுகிறான் என்கிறார்கள். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?
– அதே மாணவர்

பதில்: சமவெளியில் தனியாக உயர்ந்து நிற்கும் குன்றை மின்னல் தேடி வரும் என்கிறது. பனைமரத்துக்கும், ஏரிக்கரையில் தூண்டில் பிடித்துத் தனியாக நிற்பவருக்கும் இதே விதிதான். மின்னல் தெரிந்து மூன்று விநாடியில் இடி கேட்டால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்திருக்கிறது. பத்து விநாடி என்றாலும் அடுத்தது உங்கள் தலைக்கு மேல் இருக்கலாம். இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டாலே தண்ணீரையும் மரத்தடியையும் விட்டுக் கட்டிடத்துக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும்.