டம்மிக்குப் போகும் வழி தீர்வதற்குள்

கான்ட்ராக்ட் பிரிட்ஜில் டம்மியை மேஜையில் விரித்ததும் கண் ஏஸையும் ராஜாவையும்தான் தேடுகிறது. ஒன்பது பிடி தேறுமா, பத்து தேறுமா என்று எண்ணி முடித்ததும் முதல் சீட்டைப் போட்டுவிடுகிறோம். அந்தப் பிடிகளை எடுப்பதற்கு டம்மியின் கைக்கு எத்தனை தடவை போக முடியும் என்ற பாதிக் கணக்கு அப்படியே விடுபட்டுப்போகிறது. டம்மியில் நான்கு டைமண்ட் வெல்லத் தயாராக நிற்கிறது, அங்கே போக ஓர் என்ட்ரிகூட இல்லை என்றால், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட வீடுதான் அது.

டூப்ளிகேட் போட்டியில் எல்லா மேஜைக்கும் அதே சீட்டுகள்தான் வருகின்றன. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்ததும் இப்படிப்பட்ட ஆட்டத்தில்தான். அங்கே ஒருவர் ஒன்பது பிடித்து இன்னொருவர் ஏழில் நின்றால் சீட்டைக் குறை சொல்ல இடமில்லை. வழிகளை யார் எண்ணினார், யார் எண்ணவில்லை என்பதுதான் பல சமயம் வித்தியாசம்.

செய்ய வேண்டியவை

• முதல் பிடிக்கு டம்மியிலிருந்து சீட்டு கேட்பதற்கு முன்பே நிதானியுங்கள். என்ட்ரி பறிபோவது பெரும்பாலும் அந்த முதல் பிடியில்தான். டம்மியில் இஸ்பேட் ஏஸ்-5, உங்கள் கையில் ராஜா-7-3. டம்மியின் டைமண்ட் ராணி-ஜாக்கி-10-9-4, உங்களிடம் ஏஸும் ராஜாவும் மட்டும். எதிராளி இஸ்பேட் ராணியைப் போடுகிறார். டம்மிக்கு வேறு வழி இல்லை. ஏஸால் எடுத்தால் டைமண்டில் இரண்டு பிடியோடு சரி. கையிலுள்ள ராஜாவால் எடுத்து, டைமண்ட் ஏஸையும் ராஜாவையும் ஆடித் தீர்த்துவிட்டு, இஸ்பேட் 3-ஐ ஏஸுக்குப் போட்டால் பொதுவாக ஐந்தும் உங்களுடையது.

• கொடுக்க வேண்டிய பிடியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பிரிட்ஜில் என்ட்ரி பற்றிக் கற்க வேண்டியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அதனால் ஒரு முழு ஆட்டத்தையே பார்ப்போம். மூன்று நோட்ரம்ப்.

டம்மி: இஸ்பேட் 7-4, ஆட்டின் 8-6-3, டைமண்ட் ஏஸ்-ராஜா-7-5-2, கிளாவர் 9-6-2.
உங்கள் கை: இஸ்பேட் ஏஸ்-ராஜா-6, ஆட்டின் ஏஸ்-ராஜா-4, டைமண்ட் 8-6-3, கிளாவர் ஏஸ்-ராணி-7-4.

இஸ்பேட் ராணி வருகிறது, ஏஸால் எடுக்கிறீர்கள். இஸ்பேட் இரண்டு, ஆட்டின் இரண்டு, கிளாவர் ஒன்று என ஐந்து பிடி உறுதி. மீதி நான்கும் டைமண்டில் வர வேண்டும். கை துறுதுறுக்கும், ஏஸ், ராஜா என்று அடித்துவிட்டு மூன்றாவது சுற்றைக் கொடுத்தால் டம்மியில் இரண்டு டைமண்ட் உயர்ந்து நிற்கும். ஆனால் அவற்றைத் தொட முடியாது. ஏழு பிடி, கிளாவர் ராணி தேறினால் எட்டு. அப்படிச் செய்யாமல் முதல் சுற்றிலேயே இரண்டு கையிலிருந்தும் சின்ன டைமண்டைப் போட்டு பிடியைக் கொடுத்துவிடுங்கள். எதிராளி திரும்ப இஸ்பேட் ஆடுவார், ராஜாவால் எடுங்கள். இப்போது உங்களிடம் இன்னும் இரண்டு டைமண்ட் இருக்கிறது. ஒன்றை ஏஸுக்குப் போடுங்கள், அடுத்து ராஜா. வெளியே இருந்த ஐந்து டைமண்ட் 3-2 என்று பிரிந்திருந்தால் (68 சதவீதம் அப்படித்தான்) கடைசி இரண்டும் ஓடிவிடும். ஒன்பது. ஏஸும் ராஜாவும் பிடி மட்டும் தரவில்லை, அவையே டம்மிக்கான வழியும் ஆயின. எதிராளிக்குப் போகும் அந்த ஒரு பிடி எப்படி ஆடினாலும் போகத்தான் போகிறது. எப்போது போக வேண்டும் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

• தேவைப்பட்டால் உங்கள் ராஜாவையே உங்கள் ஏஸால் எடுங்கள். கையில் ஒற்றை ராஜா, டம்மியில் ஏஸ்-ராணி-ஜாக்கி-10-9-6, வெளி வழி கிடையாது. ராஜாவைப் போட்டு மேலே ஏஸைப் போடுங்கள். வீணாவதுபோல் தோன்றும், ஒரு பிடியும் குறையாது.

• சின்னத் துருப்பைப் பத்திரப்படுத்துங்கள். கையில் ஏஸ்-ராஜா-ராணி-ஜாக்கி-3, டம்மியில் 10-9-6. மூன்று சுற்றையும் மேலிருந்து அடித்தால் டம்மியின் 10 வெறுமனே விழும். ஏஸ், ராஜா இரண்டையும் ஆடுங்கள்; இரண்டு எதிராளியும் போட்டால் மூன்றாவது சுற்றுக்கு 3-ஐ எடுத்து 10-க்குப் போடுங்கள். துருப்பும் தீர்ந்தது, ஆட்டமும் டம்மிக்கு வந்தது.

• வெட்டி வெட்டி ஒரு சூட்டை உயர்த்தப்போகிறீர்கள் என்றால் வழிகளை விரல்விட்டு எண்ணுங்கள். டம்மியில் கிளாவர் ஏஸ்-9-6-4-2, கையில் ஒற்றை 5. வெளியே ஏழு கிளாவர். 4-3 பிரிவுக்கு 62 சதவீத வாய்ப்பு. ஏஸுக்குப் போய் உடனே ஒன்றை வெட்டலாம். இரண்டாவது வெட்டுக்கு ஒரு தடவை, மூன்றாவதுக்கு ஒரு தடவை, உயர்ந்த கடைசிச் சீட்டை எடுக்க ஒரு தடவை என்று டம்மிக்கு இன்னும் மூன்று முறை போக வேண்டும். இரண்டே வழி இருந்தால் அந்தத் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• துருப்பை எடுத்துத் தீர்ப்பதுதான் முதல் வேலை என்று பழக்கத்தில் ஆடிவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்று வழிகளில் இரண்டு டம்மியின் துருப்பு ராஜாவும் ராணியும் என்றால், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில்தான் அவற்றுக்குப் போக வேண்டும்.

• அரிதாகக் கிடைத்த வழியை ஒரே ஃபினெஸுக்குச் செலவழிக்காதீர்கள். டம்மியில் ஜாக்கி-10-3, கையில் ஏஸ்-ராணி-9-5, ராஜா வெளியே. 3-ஐ ஆடி ராணியால் வென்றால் ஆட்டம் உங்கள் கைக்குத் திரும்பிவிடும்; மறுபடி டம்மிக்குப் போக வேண்டும். ஜாக்கியை ஆடி அடியில் 5-ஐப் போடுங்கள். அது நின்றால் டம்மியிலேயே இருக்கிறீர்கள். அடுத்து 10, அடியில் 9. மூன்றாவதாக 3. ராஜா வலப்பக்க எதிராளியிடம் இருந்தால் ஒரே வழியில் நான்கு பிடியும் வரும்.

• எதிராளி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார் என்று நினைக்காதீர்கள். டம்மியில் டைமண்ட் ராஜா-ராணி-ஜாக்கி-10-5, அதற்கு ஒரே வழி ஆட்டின் ஏஸ்-7-4 என்று வையுங்கள். டைமண்ட் ஏஸை வைத்திருக்கும் எதிராளிக்கு வேறு சூட்டில் ஆட்டம் கிடைத்தால், தன் ஆட்டின் ராஜாவையே பலிகொடுத்து அந்த ஏஸைப் பிடுங்கப் பார்ப்பார். மெரிமாக் கூ என்று பெயர். 1898-இல் அமெரிக்கக் கடற்படை கியூபாவின் சாந்தியாகோ துறைமுக வாயை அடைப்பதற்காக மூழ்கடிக்க அனுப்பிய கப்பல் மெரிமாக். உங்கள் கையில் ஆட்டின் ராணி-ஜாக்கி-5 இருந்தால் பதற வேண்டாம். ராஜாவை நிற்க விடுங்கள். மறுபடி ஆட்டின் வந்தால் ராணி எடுக்கும், ஏஸ் டம்மியிலேயே இருக்கும். பிறகு ஜாக்கியைப் போட்டு ஏஸால் எடுத்து உள்ளே போகலாம். இதைவிட நல்லது, அவருக்கு ஆட்டம் கிடைக்கும் முன்பே டைமண்டைத் தொடங்கிவிடுவது.

• எந்தக் கையில் ஆட்டம் இருக்கிறது என்பதை மறந்து தப்பான கையிலிருந்து ஆடாதீர்கள். எதிராளி விரும்பினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். அது அவருக்கு லாபமாக இருந்தால் கட்டாயம் ஏற்பார்.

• ஏஸ் இல்லாத டம்மி என்றதும் வழியே இல்லை என்று கைவிடாதீர்கள். டம்மியில் ஆட்டின் ராஜா-6, உங்கள் கையில் மூன்று சின்ன ஆட்டின். ஏஸ் இடப்பக்க எதிராளியிடம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கையிலிருந்து சின்ன ஆட்டினை ராஜாவை நோக்கி ஆடுங்கள். அவர் ஏஸைப் போட்டால் அடியில் 6-ஐப் போட்டு ராஜாவைப் பிறகு வழியாக வைத்துக்கொள்ளலாம். போடாமல் விட்டால் ராஜா அப்போதே வெல்லும். டம்மியில் உயர்ந்து நிற்கும் பிடிகளை உடனே எடுத்துவிடுங்கள்.